கேரி மல்கோவ்ஸ்கியும் நிறைவேறாத ஒரு மசோதாவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரி மல்கோவ்ஸ்கி யார்?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணச் சட்டமன்றத்தில் 1990 முதல் 1995 வரை யார்க் ஈஸ்ட் தொகுதியின் உறுப்பினராக இருந்தவர். புதிய ஜனநாயகக் கட்சிக்காரர். காது கேளாதவர். அவருக்கு முன் கனடாவின் நாடாளுமன்றத்துக்கோ மாகாணச் சட்டமன்றங்களுக்கோ காது கேளாத ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்டதில்லை. சட்டம் இயற்றும் அவை ஒன்றில் சைகை மொழியில் உரையாற்றிய முதல் உறுப்பினர் என்று உலக அளவிலும் அவரையே சொல்கிறார்கள்.

அவரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்த 'முதல்' என்ற பெருமையோடு நிறுத்திவிடுகிறார்கள். அது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர் அவையில் செய்த வேலைதான் அதைவிடப் பெரியது. அதிலும் நிறைவேறாமல் போன அவருடைய மசோதா ஒன்று, நிறைவேறிய பல சட்டங்களைவிட நீண்ட காலம் உயிரோடு இருந்தது. கீழே உள்ள பதில்களில் பல அதைப் பற்றித்தான்.

அரசியலுக்கு வருவதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார்?

1958-இல் பிறந்தவர். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் உள்ள கேலடெட் பல்கலைக்கழகத்தில் சமூகப்பணியும் உளவியலும் படித்தார். மறுவாழ்வு ஆலோசனையில் முதுகலைப் பட்டமும் பெற்றார். பிறகு கனடிய செவித்திறன் சங்கத்தில் ஆலோசகராக வேலை பார்த்தார்.

கேலடெட் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லியாக வேண்டும். 1864-இல் ஆப்ரகாம் லிங்கன் கையெழுத்திட்ட சட்டத்தால் பட்டம் வழங்கும் உரிமை பெற்ற கல்லூரி அது. வகுப்பு, உணவுக்கூடம், விடுதி என எங்கும் சைகை மொழி புழங்கும் இடம். அப்படிப்பட்ட நிறுவனத்துக்கே 124 ஆண்டுகள் காது கேளாத ஒருவர் தலைவராக வரவில்லை. 1988 மார்ச்சில் மீண்டும் காது கேட்கும் ஒருவரைத் தலைவராக அறிவித்தபோது மாணவர்கள் வாயில்களை அடைத்து வளாகத்தையே நிறுத்தினார்கள். ஒரே வாரத்தில் புதிய தலைவர் விலகினார். காது கேளாதவரான ஐ. கிங் ஜோர்டன் தலைவரானார். இரண்டே ஆண்டுகளில் அதே பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் ஒருவர் ஒன்டாரியோவில் வாக்குக் கேட்டு நின்றார். அந்த வெற்றியின் சூடு அப்போது ஆறியிருக்கவில்லை.

1990-இல் எப்படி வென்றார்?

அலை ஒன்று வீசியது. அதை மறைக்கத் தேவையில்லை. அந்த ஆண்டு செப்டம்பர் 6 தேர்தலில் பாப் ரே தலைமையிலான புதிய ஜனநாயகக் கட்சி, 130 இடங்களில் 74-ஐப் பிடித்தது. ஒன்டாரியோவில் அக்கட்சி ஆட்சிக்கு வந்தது அதுவே முதல் முறை. வாக்கு விகிதம் சுமார் 38 சதவீதம்தான். மல்கோவ்ஸ்கி தோற்கடித்தது, தொகுதியைக் கையில் வைத்திருந்த லிபரல் உறுப்பினர் கிறிஸ்டின் ஹார்ட்டை.

ஆனால் அலை அடிப்பதற்கு முன்பே ஒரு கட்சி அவரை வேட்பாளராக நிறுத்தியிருந்தது. மாற்றுத்திறனாளிகள் அரசியலில் குறைவாக இருப்பதற்கு வாக்காளர்களைக் காரணம் சொல்வது வழக்கம். கட்சிகள் வேட்பாளர் பட்டியல் தயாரிக்கும் அறையில்தான் பெரும்பாலான பெயர்கள் விழுந்துவிடுகின்றன என்பது என் கணிப்பு.

பேச்சே தொழிலாக இருக்கும் சட்டமன்றத்தில், காது கேளாத உறுப்பினர் எப்படிப் பணியாற்றினார்?

சைகை மொழிபெயர்ப்பாளர்கள் வழியாக. மற்றவர்கள் பேசுவதை அவர்கள் அமெரிக்க சைகை மொழியில் அவருக்குக் காட்டுவார்கள். அவர் கைகளால் பேசுவதை ஆங்கிலத்தில் குரல் கொடுத்துச் சொல்வார்கள். கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் பிரிட்டிஷ் மரபில் வந்த அவைகளில் உறுப்பினரோ அவை அலுவலரோ அல்லாதவர் அவைத் தளத்துக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. மொழிபெயர்ப்பாளரை உள்ளே அனுமதிப்பதற்கே பழைய மரபு ஒன்று வளைந்து கொடுக்க வேண்டியிருந்தது.

கேள்வி நேரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஓர் உறுப்பினர் எழுந்து கேள்வி கேட்கிறார். அமைச்சர் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் எதிர்வரிசையில் நான்கைந்து பேர் குறுக்கே கத்துகிறார்கள். சபாநாயகர் அமைதி காக்கச் சொல்கிறார். காது கேட்பவருக்கு இவை எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்துவிடும். மொழிபெயர்ப்பாளருக்கு இருப்பதோ இரண்டு கைகள். யார் சொன்னதை முதலில் காட்டுவது என்று நொடிக்குள் முடிவெடுக்க வேண்டும். கண் மொழிபெயர்ப்பாளர் மேல் இருக்கும்போது மேசையில் கிடக்கும் மசோதா நகலை வாசிக்க முடியாது. நகலைப் பார்த்தால் பேச்சு தவறிவிடும். மற்றவர்கள் குனிந்து குறிப்பெடுத்துக்கொண்டே கேட்கலாம், அவரால் முடியாது. இது மணிக்கணக்கில் நீடிக்கும் வேலை என்பதால்தான் சைகை மொழிபெயர்ப்பாளர்கள் இருவராக அமர்ந்து, சிறிது நேரத்துக்கு ஒருமுறை மாறி மாறிச் செய்கிறார்கள்.

அவையோடு இது முடிவதில்லை. குழுக் கூட்டம், கட்சிக் கூட்டம், தொகுதி அலுவலகத்துக்கு மனுவோடு வருபவர், தாழ்வாரத்தில் மறித்து நிருபர் கேட்கும் ஒரு வரிக் கேள்வி என ஒவ்வொன்றுக்கும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அரசியலில் பாதி விஷயம் தாழ்வாரத்தில்தான் நடக்கிறது. அங்கே மொழிபெயர்ப்பாளர் இல்லையென்றால் அவைக்குள் இருந்தும் பயன் குறைவு.

இத்தனைக்கும் நடுவே அமைச்சர்களுக்கு அவைப் பணிகளில் துணை நிற்கும் உதவியாளர் பொறுப்பும் அவருக்குத் தரப்பட்டது. அலங்காரத்துக்கு வைத்துக்கொண்ட ஓர் உறுப்பினராக அவர் இருந்துவிடவில்லை என்பதற்கு அது சான்று.

சைகை மொழிக்காக அவர் சாதித்தது என்ன?

1993-இல் ஒன்டாரியோவின் கல்விச் சட்டம் திருத்தப்பட்டது. அமெரிக்க சைகை மொழியும், பிரெஞ்சு பேசும் பகுதிகளில் வழங்கும் கியூபெக் சைகை மொழியும் பள்ளிகளில் பாடம் நடத்தும் மொழிகளாக இருக்கலாம் என்று சட்டம் ஏற்றுக்கொண்டது. அதற்காக முன்னின்று உழைத்தவர் அவர்.

இதன் கனம் புரிய நூறாண்டு பின்னால் போக வேண்டும். 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, காது கேளாத குழந்தைகளுக்கு வாய்ப்பேச்சு முறையே உகந்தது, சைகை வேண்டாம் என்று தீர்மானித்தது. அந்த மாநாட்டில் காது கேளாத ஆசிரியர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே இருந்தார்கள். அதன் பிறகு பல நாடுகளில் வகுப்பறையில் கையை அசைத்த குழந்தைக்குத் தண்டனை கிடைத்தது. பாடத்தைவிட உதட்டசைவைப் பிடிப்பதிலேயே பள்ளிப் பருவம் முழுவதும் கழிந்தவர்கள் ஏராளம். கனடாவும் அந்தப் பாதையில்தான் போனது. 1980-களின் இறுதியில் ஒன்டாரியோவில் காது கேளாதோர் தெருவில் இறங்கிக் கேட்டது, தங்களுக்குப் புரியும் மொழியில் பாடம் வேண்டும் என்பதைத்தான். அந்தக் கோரிக்கையைச் சுமந்துகொண்டு சட்டமன்றத்துக்குள் போன மனிதர் இவர்.

காது கேளாமை ஊனமா, அல்லது அவர்கள் ஒரு மொழிச் சமூகமா? அவர் எந்தப் பக்கம்?

சைகை மொழி பேசும் பலர் தங்களை மாற்றுத்திறனாளிகள் என்று கருதுவதில்லை. தங்களுக்கென்று மொழியும் நகைச்சுவையும் கதைகளும் திருமண உறவுகளும் கொண்ட ஒரு சமூகம் என்றே கருதுகிறார்கள். மல்கோவ்ஸ்கியும் அந்தச் சமூகத்தின் பெருமிதம் கொண்ட மனிதர்தான். ஆனாலும் அவர் மாற்றுத்திறனாளிகள் அனைவருக்குமான சட்டத்தை எழுதினார். சக்கர நாற்காலியில் வருபவருக்கான சாய்தளமும், பார்வையற்றவருக்கான பிரெய்ல் படிவமும் அந்த மசோதாவின் கவலைகளாக இருந்தன.

இதில் முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒருவர் தன் மொழிக்காகப் போராடிக்கொண்டே, படிக்கட்டு ஏற முடியாத இன்னொருவருக்காகவும் சட்டம் கேட்கலாம். உண்மையில் அப்படிச் செய்தவர்கள் குறைவு. ஊனமுற்றோர் இயக்கங்கள் தத்தம் குறைபாட்டின் அடிப்படையில் பிரிந்து நின்று, ஒரே சிறு நிதிக்காக ஒருவரோடு ஒருவர் மோதிக்கொண்ட வரலாறு எல்லா நாடுகளிலும் உண்டு.

'நிறைவேறாத மசோதா' என்றது எதை?

1994-இல் அவர் கொண்டுவந்த 168-ஆம் எண் மசோதா, 'ஒன்டாரியோ மாற்றுத்திறனாளிகள் சட்டம்'. அது தனிநபர் மசோதா. அரசு கொண்டுவந்தது அல்ல. தான் ஆளுங்கட்சி உறுப்பினராக இருந்தும் அந்த வழியில்தான் அவர் போக வேண்டியிருந்தது.

அதன் அடிப்படை எண்ணம் இதுதான்: தடை இருக்கும் ஒவ்வோர் இடத்திலும் பாதிக்கப்பட்டவரே புகார் கொடுத்து, வழக்காடி, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து ஒவ்வொரு படிக்கட்டாக வெல்ல வேண்டும் என்ற நிலை மாற வேண்டும். தடைகளைக் கண்டுபிடித்து நீக்குவதும், புதிதாகத் தடை உண்டாக்காமல் இருப்பதும் நிறுவனங்களின் கடமை ஆக வேண்டும். சுமையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றச் சொன்ன மசோதா அது.

மசோதா இரண்டாம் வாசிப்பைத் தாண்டிக் குழுவுக்குப் போனது. 1994 நவம்பர் 29 அன்று சட்டமன்ற வளாகமான குயின்ஸ் பார்க்கில் அது பற்றிய விசாரணை நடந்தது. கருத்துச் சொல்ல வந்திருந்த மாற்றுத்திறனாளிகளில் சுமார் 20 பேர் விசாரணை முடிந்ததும் வீட்டுக்குப் போகவில்லை. அங்கேயே ஓர் அறையில் கூடி, இந்தச் சட்டம் வரும்வரை சேர்ந்து உழைப்பது என்று முடிவு செய்தார்கள். அப்படி உருவான கூட்டமைப்பைப் பின்னாளில் தலைமை ஏற்று நடத்தியவர் டேவிட் லெபாஃப்ஸ்கி, பார்வையற்ற வழக்கறிஞர். அடுத்த ஆண்டு தேர்தல் வந்தது, மசோதா காலாவதியானது.

1995-இல் ஏன் தோற்றார்?

கட்சியோடு சேர்ந்து தோற்றார். கடும் பொருளாதார மந்தம். செலவைக் குறைக்க அரசு ஊழியர்களின் ஒப்பந்தங்களில் அரசு கைவைத்ததால் தொழிற்சங்கங்களே பகையாயின. 74 இடங்களில் இருந்த கட்சி 17-க்கு வந்தது. மைக் ஹாரிஸ் தலைமையிலான முற்போக்குப் பழமைவாதக் கட்சி 82 இடங்களோடு ஆட்சிக்கு வந்தது. யார்க் ஈஸ்டில் அக்கட்சியின் ஜான் பார்க்கர் வென்றார்.

புதிய அரசு செய்த முதல் வேலைகளுள் ஒன்று, பெண்கள், பழங்குடியினர், இனச் சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வேலைவாய்ப்பில் சம இடம் தேடிய சட்டத்தை நீக்கியது. ரே அரசு 1993-இல் நிறைவேற்றிய சட்டம் அது. நடைமுறைக்கு வந்து ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை.

அப்படியானால் அவருடைய மசோதா செத்துப்போனது என்றுதானே பொருள்?

இல்லை. இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது. தேர்தல் பிரசாரத்தின்போது, 1995 மே 24 அன்று, ஹாரிஸ் அந்தக் கூட்டமைப்புக்கு எழுதிய கடிதத்தில், வென்றால் முதல் ஆட்சிக்காலத்திலேயே ஒன்டாரியோ மாற்றுத்திறனாளிகள் சட்டம் கொண்டுவருவதாக உறுதி கொடுத்திருந்தார். மசோதா போனது, வாக்குறுதி தங்கியது. அந்த ஒரு கடிதத்தைப் பிடித்துக்கொண்டு கூட்டமைப்பு மாகாணம் முழுவதும் சுற்றியது.

1998-இல் அரசு ஒரு மசோதாவைக் கொண்டுவந்தது. சில பக்கங்களே கொண்ட, பல்லில்லாத மசோதா. எழுந்த எதிர்ப்பில் அது முன்னேறாமலேயே முடிந்தது. 2001-இல் ஒரு சட்டம் நிறைவேறியது. அரசுத் துறைகளும் நகராட்சிகளும் திட்டம் தீட்ட வேண்டும் என்றது, தனியார் துறையைத் தொடவில்லை. 2005-இல் டால்டன் மெகின்டியின் லிபரல் அரசு கொண்டுவந்ததுதான் 'ஒன்டாரியோ மாற்றுத்திறனாளிகள் அணுகல் சட்டம்'. அவையில் எல்லாக் கட்சிகளும் ஒருமனதாக ஆதரித்தன. அரசு, தனியார் என்ற பேதம் இல்லாமல் 2025-க்குள் மாகாணம் முழுவதையும் தடையற்றதாக்க வேண்டும் என்று அது கெடு வைத்தது. பெயரும் வாசகங்களும் மாறினாலும், கடமை நிறுவனத்தின் மேல் விழ வேண்டும் என்ற அந்த 1994 எண்ணமே அதன் முதுகெலும்பு.

2025 வந்துவிட்டதே, இலக்கு நிறைவேறியதா?

நிறைவேறவில்லை. சட்டத்தை ஆய்வு செய்யச் சொல்லி அரசே நியமித்தவர்கள் அடுத்தடுத்து அதைத்தான் எழுதினார்கள். 2019 ஆய்வை எழுதிய டேவிட் ஆன்லி, போலியோ தாக்கியவர். 2007 முதல் 2014 வரை ஒன்டாரியோவின் துணைநிலை ஆளுநராக இருந்தவர். மாற்றுத்திறனாளிகளுக்கு இந்த மாகாணம் இன்னும் தடைகள் நிறைந்ததாகவே இருக்கிறது என்று அவர் கடுமையாகவே எழுதினார். சட்டத்தில் அபராதம் உண்டு. அதை விதிக்கும் மனம்தான் எந்த அரசுக்கும் வரவில்லை. 20 ஆண்டு அவகாசம் கொடுத்தால் முதல் 15 ஆண்டுகள் தூக்கத்தில் போகும் என்பதை அரசாங்கங்கள் நன்றாகவே நிரூபித்துவிட்டன.

மொழிபெயர்ப்பாளர் வசதிக்கு நிறையச் செலவாகாதா?

இந்தக் கேள்வி எல்லா ஊரிலும் வருகிறது. கனடா உச்ச நீதிமன்றம் 1997-இல் 'எல்ட்ரிட்ஜ்' வழக்கில் இதற்கு எண்ணோடு பதில் சொன்னது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் காது கேளாத பெண் ஒருவருக்குக் குறைமாதத்தில் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளர் இல்லை. பிரசவ நேரத்தில் ஒரு குழந்தையின் இதயத் துடிப்பு குறைந்துவிட்டது என்பதைச் செவிலியர் கைஜாடையில் காட்டினார். பிறந்த குழந்தைகளை உடனே எடுத்துச் சென்றுவிட்டார்கள். என்ன ஆயிற்று என்று கேட்கவும் வழியில்லை, சொல்லவும் ஆளில்லை.

மாகாணம் முழுவதற்கும் மருத்துவமனைகளில் சைகை மொழிபெயர்ப்பு தர ஆண்டுக்கு ஏறத்தாழ 1,50,000 டாலர் ஆகும் என்று நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. மாகாணச் சுகாதாரச் செலவில் அது சுமார் 0.0025 சதவீதம். நீதிபதிகள் ஒருமனதாக, மொழிபெயர்ப்பாளர் தர மறுத்தது சமத்துவ உரிமையை மீறியது என்று தீர்ப்பளித்தார்கள். அந்த எண்ணைப் பார்த்த பிறகும் செலவைக் காரணம் சொல்பவர்களுக்கு வேறு ஏதோ தயக்கம் இருக்கிறது என்றுதான் நினைக்க வேண்டும்.

தேர்தலில் தோற்ற பிறகு என்ன செய்தார்?

பழைய இடத்துக்கே, கனடிய செவித்திறன் சங்கத்துக்குத் திரும்பினார். அங்கே துணைத் தலைவர் பொறுப்பு வரை உயர்ந்தார். கூட்டாட்சி அரசு தன் சேவைகளில் சைகை மொழிபெயர்ப்பு தராததை எதிர்த்துக் கனடியக் காது கேளாதோர் சங்கம் தொடுத்த வழக்கில் மனுதாரர்களில் ஒருவராகவும் இருந்தார். 2006-இல் கூட்டாட்சி நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2019-இல் வந்த கனடா அணுகல் சட்டம், அமெரிக்க சைகை மொழி, கியூபெக் சைகை மொழி, பழங்குடியினரின் சைகை மொழிகள் ஆகியவற்றைக் காது கேளாதோரின் முதன்மைத் தொடர்பு மொழிகளாக ஏற்றது. அது பலருடைய உழைப்பு. அவர்களில் அவரும் ஒருவர்.

மாகாண அரசியலுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? தலைநகர் ஆட்டவாவில்தானே அதிகாரம்?

கனடாவில் பள்ளியும் மருத்துவமனையும் மாகாணங்களின் கையில் இருக்கின்றன. நகராட்சிகளும் மாகாணச் சட்டத்தின் கீழ்தான் இயங்குகின்றன. காது கேளாத குழந்தை எந்த மொழியில் படிக்கும், பிரசவ அறையில் யார் மொழிபெயர்ப்பார், பஸ்ஸில் எப்படி ஏறுவது என்பவை முடிவாகும் இடம் அது.

டொராண்டோவில் வாழும் தமிழர்களுக்குத் தெரிந்த உதாரணம் ஒன்று உண்டு. அங்கே பஸ்ஸிலும் சுரங்க ரயிலிலும் அடுத்த நிறுத்தத்தின் பெயரை ஒரு குரல் சொல்கிறது அல்லவா? ஸ்கார்பரோவில் பனிபடிந்த கண்ணாடி வழியாக ஒன்றும் தெரியாத இரவில் எல்லோருக்கும் அது உதவுகிறது. அது தானாக வரவில்லை. மேலே சொன்ன லெபாஃப்ஸ்கி, மாகாண மனித உரிமைத் தீர்ப்பாயத்தில் போக்குவரத்துக் கழகத்தை எதிர்த்து 2005-இல் சுரங்க ரயிலுக்கும் 2007-இல் பஸ்ஸுக்குமாக இரண்டு முறை வழக்காடி வென்றார். பார்வையற்றவர்கள் தங்கள் நிறுத்தத்தில் இறங்குவதற்காக ஒரே மனிதர் இரண்டு முறை படியேற வேண்டியிருந்தது. இப்படி ஒவ்வொன்றுக்கும் வழக்குப் போட வைக்காதீர்கள் என்பதுதான் 168-ஆம் மசோதா கேட்டது.

கனடாவின் மாகாண அரசியலில் வேறு மாற்றுத்திறனாளிகள் உண்டா?

உண்டு. ஆல்பர்ட்டாவில் பெர்சி விக்மன் 1989 முதல் 2001 வரை சக்கர நாற்காலியில் சட்டமன்றம் வந்தார். நோவா ஸ்கோஷியாவில் கெவின் மர்ஃபி 2013 முதல் 2021 வரை சபாநாயகராகவே இருந்தார். ஸ்டீவன் ஃபிளெட்சர் நாடாளுமன்றத்திலும், 2016 முதல் மானிடோபா சட்டமன்றத்திலும் உறுப்பினராக இருந்தார்.

சாம் சல்லிவனைப் பலர் பார்த்திருப்பார்கள், பெயர் தெரியாமல். 19 வயதில் பனிச்சறுக்கு விபத்தில் கழுத்து முறிந்தவர். வான்கூவர் மேயராக 2006-இல் டுரின் குளிர்கால ஒலிம்பிக் நிறைவு விழாவில் ஒலிம்பிக் கொடியைப் பெற்றுக்கொண்டார். கையால் கொடியை வீச முடியாது. சக்கர நாற்காலியில் கொடிக் கம்பத்தைப் பொருத்தி, நாற்காலியையே இப்படியும் அப்படியுமாகத் திருப்பி அசைத்தார். பின்னர் 2013 முதல் 2020 வரை பிரிட்டிஷ் கொலம்பியா சட்டமன்ற உறுப்பினர். 2017-இல் சில வாரங்கள் அமைச்சர்.

மல்கோவ்ஸ்கிக்குப் பிறகு வேறு நாடுகளில்?

தென்னாப்பிரிக்காவில் வில்மா நியூஹவுட் ட்ரூகன் (1999), பெல்ஜியத்தின் ஃபிளெமிஷ் நாடாளுமன்றத்தில் ஹெல்கா ஸ்டீவன்ஸ் (2004), ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் ஹங்கேரியின் ஆடாம் கோஷா (2009), நியூசிலாந்தில் மோஜோ மேதர்ஸ் (2011) என்று வரிசை நீள்கிறது. இவர்களில் எல்லோரும் சைகை மொழியில் பேசியவர்கள் அல்லர். மேதர்ஸ் பேச்சு மொழியில் உரையாற்றியவர், மற்றவர்கள் பேசுவதைத் திரையில் எழுத்தாக ஓடவிட்டு வாசித்தவர்.

அவர் அவையில் பேசியவற்றை இப்போது வாசிக்க முடியுமா?

முடியும். ஒன்டாரியோ சட்டமன்றத்தின் அவைக்குறிப்புகள் அதன் இணையதளத்தில் தேதிவாரியாக இருக்கின்றன. 1990 முதல் 1995 வரையிலான அமர்வுகளில் அவர் பெயரைத் தேடினால் உரைகள் கிடைக்கும். நாம் வாசிப்பது மொழிபெயர்ப்பாளர் குரல் கொடுத்த ஆங்கிலத்தை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், 168-ஆம் மசோதாவின் இரண்டாம் வாசிப்பு விவாதத்தைச் சொல்வேன். அதை முடித்துவிட்டு 2005 சட்டத்தின் மீதான விவாதத்தை எடுங்கள். இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால், பதினோரு ஆண்டுகளில் அவையின் பேச்சு எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்பது தெரியும்.